கேஸ்லதான் சமைக்கிறோம், டாக்டர்

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தது. சமையல் மட்டும் அதில் நடக்கவில்லை. இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் நம்புவதில்லை. சிலிண்டர் தீர்ந்தால் போனை எடுத்து புக் செய்துவிட்டு அதோடு மறந்துவிடுகிறவர்கள் அவர்கள். நன்றாக இருக்கட்டும்.

புளியந்தோப்பில் ஹவுசிங் போர்டு குடியிருப்பு. மூன்றாவது மாடி எங்களுடையது, அதற்கு மேல் மொட்டை மாடிதான். வீட்டில் நான், என் கணவர், பிள்ளைகள் இரண்டு பேர், கணவரின் அக்கா. கணவர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரியில் கம்பி ஏற்றுகிறார். லோடு வந்தால் கூலி, வராவிட்டால் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். நான் ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆபீசில் வேலை பார்க்கிறேன். கப்பலில் போகிற சரக்குக்கு வேண்டிய பேப்பர்களை கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கிற வேலை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். அந்த அட்டையின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

கணவரின் அக்காவை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கட்டியவன் விட்டுவிட்டுப் போன பிறகு, எங்கள் இரண்டாவது பிள்ளை பிறந்த சமயம், பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பையோடு வந்தாள். பன்னிரண்டு வருடமாகிறது, அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை. முதல் இரண்டு வருடம் எங்களுக்குள் சண்டை இல்லாத நாளே கிடையாது. நானும் லேசுப்பட்டவள் இல்லை, அவளும் லேசுப்பட்டவள் இல்லை. என் கணவர் நடுவில் அகப்பட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். பிறகு நான் வேலைக்குப் போகத் தொடங்கினேன். அடுக்களையை அக்கா எடுத்துக்கொண்டாள். அவள் எடுத்துக்கொண்டதால்தான் நான் போக முடிந்தது. இதை நான் அப்போது யோசித்துப் பார்த்ததில்லை.

கேஸ் இணைப்பு அரசாங்கத் திட்டத்தில் வந்தது. சிலிண்டர் வீட்டுக்குள் வந்த அன்றைக்கு அக்கா அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். அது தீர்ந்த பிறகுதான் சங்கடம் தெரிந்தது. கூலி நாளுக்கு நாள் வருகிறது, சிலிண்டர் மொத்தமாகக் காசு கேட்கிறது. அந்த மொத்தம் எங்கள் வீட்டில் ஒரு நாளும் ஒரே இடத்தில் இருந்ததில்லை. என் சம்பளம் பள்ளிக்கூடத்துக்கும் பழைய கடனுக்கும் போய்விடும். அதனால் அக்கா ஒரு சட்டம் போட்டாள். காலை டீக்கு கேஸ். என் மத்தியானச் சோற்று டப்பாவுக்கு கேஸ். யாருக்காவது காய்ச்சல் வந்தால் வெந்நீருக்கு கேஸ். விருந்தாளி வந்தால் கேஸ். மற்றதெல்லாம் மொட்டை மாடியில் மண் அடுப்பு. மழை பெய்தால் அந்த மண் அடுப்பு இறங்கி வந்து சமையலறை ஜன்னலோரம் உட்காரும். சிலிண்டருக்கு மிச்சத் துணியில் உறைகூட தைத்துப் போட்டிருந்தாள். ஒரு சிலிண்டர் தீபாவளியில் வந்தால் சித்திரை வரைக்கும் ஓடும். பக்கத்து வீடுகளில் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று பேச்சு வந்தால் நாங்கள் இரண்டு பேரும் அங்கிருந்து நகர்ந்துவிடுவோம்.

விறகு நான் கொண்டு வந்தேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆபீசுக்குப் பின்னால் ஒரு கோடவுன். பெரிய பெட்டிகளையும் இயந்திரங்களையும் மரச் சட்டத்தின் மேல் வைத்துக் கட்டித்தான் கண்டெய்னரில் ஏற்றுவார்கள். அந்தச் சட்டத்துக்கு பேலட் என்று பெயர். உடைந்த பேலட்டுகள் ஒரு மூலையில் சேரும். சனிக்கிழமை மத்தியானம் அதை லோடு ஏற்றுகிறவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இந்த வாரம் ஒருவருக்கு என்றால் அடுத்த வாரம் இன்னொருவருக்கு. அந்த முறையில் நானும் என் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். "அக்கா, ஆபீஸ் ஸ்டாப்பு நீ, நீயுமா?" என்று அவர்கள் கேட்டார்கள். "ஆபீஸ் ஸ்டாப்பு வூட்ல சோறு ஆக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன். பெயரைச் சேர்த்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை என் முறை வரும். யாராவது வேண்டாம் என்று விட்டால் அதையும் வாங்கிக்கொள்வேன். பலகைகளை உடைத்து, பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையால் கட்டி, ஷேர் ஆட்டோவில் ஏற்றுவேன். "கட்டைக்கும் ஒரு டிக்கெட் போடணும்மா" என்று டிரைவர் சொல்வான். மடியில் வைத்துக்கொண்டு வருவேன். அந்தக் கட்டு இரண்டு வாரச் சமையல். காசு கொடுக்காமல் வந்த இரண்டு வாரம்.

எங்களுக்குக் கீழே இரண்டாவது மாடியில் இருக்கும் பாயம்மாவுக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. அவர் கணவர் வண்ணாரப்பேட்டையில் துணி வியாபாரம். பாயம்மா வீட்டிலேயே ரவிக்கைக்கும் பாவாடைக்கும் தைத்துக் கொடுப்பார். தைப்பதற்கு முன்னால் வெள்ளை லைனிங் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து மொட்டை மாடியில் காயப்போடுவார், தைத்த பிறகு சுருங்கக் கூடாது என்பதற்காக. அதே மொட்டை மாடியில்தான் எங்கள் அடுப்பு. வெள்ளைத் துணியில் கரிப்பொட்டு விழும்.

"ஏம்மா, ஒரு நாளைக்கி ரெண்டு வாட்டி நான் துணி அலசுறேன். ஒனக்கு மன்சாட்சி கீதா?"

"மாடி உங்க வூட்டுதா? எல்லாருக்கும்தான் எழுதிக் குடுத்துகிறான்."

இப்படித்தான் பேசிக்கொள்வோம். அக்கா மட்டும் பாயம்மாவோடு சண்டை போட மாட்டாள். "தோ, காத்து இந்தப் பக்கம் அடிக்குது, அந்தக் கொடியில போடு" என்று தானே எழுந்து துணியை மாற்றிப் போடுவாள். அடுப்பை ஊதும்போது அவளுக்கு இருமல் வரும். ஊதுகிறவர்களுக்கு இருமல் வருவது எங்கள் பக்கத்தில் பெரிய சங்கதி இல்லை. படியேறும்போது நின்று நின்று ஏறத் தொடங்கினாள். வயசாகிறது என்றாள். ஐம்பத்திரண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஆபீசில் என் போன் அடித்தது. பாயம்மா. என் நம்பர் அவரிடம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. "அக்காவுக்கு மூச்சு வர்ல. ஆட்டோல கூட்டினு போய்கினு கீறேன். பெரியாஸ்பத்திரிக்கி வந்துடு." அவ்வளவுதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், முகத்தில் ஆக்சிஜன். பாயம்மா தலைமாட்டில் நின்றிருந்தார். அவருடைய கை முட்டி வரைக்கும் ஈரம் காய்ந்து சுருக்கம் விழுந்திருந்தது, துணி அலசிக்கொண்டிருந்த கையோடு ஓடி வந்திருக்கிறார். மாடியில் அடுப்புக்குப் பக்கத்தில் அக்கா தரையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாளாம். தோளில் சாய்த்து நாலு மாடிப் படியையும் இறக்கியிருக்கிறார். பாயம்மா என்னைவிட ஒல்லி. எப்படி இறக்கினார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

டாக்டர் ஒரு இளம்பெண். கேள்வி கேட்டபடியே எழுதிக்கொண்டு வந்தார்.

"பீடி, சிகரெட், புகையிலை ஏதாவது பழக்கம் உண்டா?"

அக்கா முகத்திலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கினாள். "ஐயே! இன்னா டாக்டரு, என்னப் பாத்தா பீடி இழுக்குற மூஞ்சியாவா கீது?"

டாக்டர் சிரித்துவிட்டு அதைத் திரும்ப மாட்டிவிட்டார். "வீட்ல சமையல் எதுல? விறகா?"

"இல்ல, இல்ல. கேஸ்லதான் சமைக்கிறோம், டாக்டர்" என்றாள் அக்கா.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் ஆபீஸ் புடவையில், கழுத்தில் அட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். "ஆமா டாக்டர், கேஸ்தான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேஸ் இருக்கிற வீட்டில் விறகும் எரிகிறது என்று தெரிந்தால் இணைப்பை வெட்டிவிடுவார்கள் என்று எங்கள் குடியிருப்பில் ஒரு பேச்சு உண்டு. யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லாரும் நம்புவார்கள். மாடியில் தீ மூட்டக் கூடாது என்று படிக்கட்டில் ஒரு அறிவிப்பும் ஒட்டியிருந்தது. அக்கா தம்பியின் மானத்தை நினைத்துச் சொல்லியிருப்பாள். நான்? எனக்கு வெட்கம். அந்த டாக்டருக்கு முன்னால் விறகு எரிக்கிற வீட்டுக்காரியாக நிற்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. பாயம்மா அதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

கேஸ் என்று சொன்னதால் டாக்டர் வேறு எதையெல்லாமோ தேட வேண்டியதாகிவிட்டது. சளிப் பரிசோதனை. எக்ஸ்ரே. ரத்தம். காசநோயா என்று பார்த்தார்கள், இல்லை. இரண்டாவது முறை போனபோது டாக்டர் கேட்டார்: "வீட்ல பூனை, புறா ஏதாவது? பஞ்சு, துணித் தூசி?"

அக்காவுக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. "கீழ் வூட்ல தைப்பாங்க டாக்டர். நாள்பூரா மிஷினு ஓடிகினே இருக்கும்."

"அதுவா இருக்கலாம். ஜன்னலை மூடி வைக்கச் சொல்லுங்க."

நான் போய்ச் சொன்னேன். இதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது. எந்தப் பெண் என் வீட்டு மனுஷியைத் தோளில் சாய்த்து நாலு மாடி இறக்கினாரோ, அவர் வாசலில் போய் நின்று, உங்கள் துணித் தூசியால்தான் எங்கள் அக்காவுக்கு இப்படி ஆகிறது என்று டாக்டர் சொல்கிறார், ஜன்னலை மூடி வையுங்கள் என்று சொன்னேன். ஒரு பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். பாயம்மா மிஷினை நிறுத்தினார். "சரிம்மா" என்றார். அப்போதே போய் ஜன்னலைச் சாத்தினார். அது சித்திரை மாதம்.

மூன்று வாரம் அந்த ஜன்னல் மூடியிருந்தது. முதல் எட்டு நாள் தவிர, அக்கா மாத்திரையை முழுங்கிவிட்டு மாடிக்குப் போய் அடுப்பு மூட்டினாள். அந்த எட்டு நாளும் மாடிக்குப் போக வேண்டாம் என்று நான் சிலிண்டரில் சமைத்தேன், அதோடு அது தீர்ந்தது. அடுத்ததற்கு வழியில்லை. லோடு இல்லாத மாதம் அது. அதனால் சனிக்கிழமை வரிசையில் நின்றேன், கட்டை கொண்டு வந்தேன்.

மரத்தில் பெட்டி கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினால் அந்த மரத்துக்கு மருந்துப் புகை போட வேண்டும். மரத்துக்குள் பூச்சி இருந்தால் அந்த நாட்டுக்காரன் சரக்கையே இறக்க விடமாட்டான். புகை போட்டதற்கு அடையாளமாகப் பலகையில் கறுப்பு முத்திரை குத்துவார்கள், ஒரு சான்றிதழும் கொடுப்பார்கள். அந்தச் சான்றிதழின் விவரங்களை அடித்து மற்றப் பேப்பர்களோடு சேர்ப்பது யார்? நான்தான். எத்தனையோ வருடமாக அடிக்கிறேன். மருந்தின் பெயர், அளவு, எத்தனை மணி நேரம் மூடி வைத்தார்கள், எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அப்படி ஒன்றை அடித்துக்கொண்டிருந்தேன். சான்றிதழின் ஓரத்தில் முத்திரையின் படம் இருந்தது. அதைத்தான் அன்று காலையில் பார்த்துவிட்டு வந்திருந்தேன், எங்கள் அடுப்பில், பாதி எரிந்த பலகையின் நுனியில். கை நின்றுவிட்டது. இரண்டும் ஒரே மரம் என்பது இத்தனை வருடமாக என் மண்டையில் ஏறவே இல்லை. ஆபீசில் அது சரக்கு. வீட்டில் அது விறகு. நடுவில் ஷேர் ஆட்டோவில் என் மடியில் வந்தபோது அது இலவசம்.

மருந்தடிக்கிற கம்பெனியின் ஆள் கையெழுத்துக்காக வந்து உட்கார்ந்திருந்தார். அவரைக் கேட்டேன், இந்த முத்திரை போட்ட கட்டையை எரித்தால் என்ன ஆகும் என்று. அவர் சிரித்தார். "எரிக்கிறதா? அத எரிக்கவே கூடாது மேடம். அத யாரு எரிக்கப்போறாங்க?"

நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவைக் கூட்டிப் போகவில்லை. டாக்டர் மேஜைக்கு முன்னால் உட்காராமல், நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். கேஸ் இல்லை டாக்டர், விறகுதான், துறைமுகக் கட்டை, முத்திரைக் கட்டை, நான் கொண்டு வந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இத்தனை நாளா நான் வேற எதையோ தேடிக்கிட்டு இருக்கேன்மா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அந்த மருந்து மரத்தில் எவ்வளவு தங்கியிருக்கும் என்பது தனக்குத் தெரியாது என்றார். "முத்திரை இருந்தாலும் இல்லாட்டியும் புகை புகைதான். கெட்டுப்போனது திரும்ப வராது. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம். ஆனா இனிமே ஒரு நாள்கூட அவங்க அடுப்பு ஊதக்கூடாது." வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்தை எப்படி அடிப்பது என்று ஒரு காலி பம்பை வைத்து எனக்கு மூன்று முறை செய்து காட்டினார். வெளியே நாற்பது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு நாள்கூட கூடாது என்றால் அன்று சாயங்காலச் சோற்றுக்கு என்ன செய்வது? வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்துக்கொண்டே படியேறினேன். கால் இரண்டாவது மாடியில் நின்றது. பாயம்மாவின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஜன்னல் மூடி, பேன் ஓடி, அந்தப் புழுக்கத்தில் தைத்துக்கொண்டிருந்தார், முதுகு முழுக்க வேர்வை. நான் நேராகப் போய் ஜன்னலைத் திறந்தேன். பிறகு சொன்னேன்.

"எனக்குத் தெரியும்மா" என்றார் பாயம்மா. "மாடில நான்தான இருந்தேன். பொக எதுனு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா மூடுனீங்க?"

"நீ வூட்டு வாசல்ல வந்து கேட்டுகினு நிக்கற. ஒடம்பு சரியில்லாதவங்களுக்காக கேக்கற. இல்லன்னு எப்டி சொல்றது?" மிஷினிலிருந்து துணியை எடுத்து மடித்தார். "அத்த வுடு. என் அடுப்புல ரெண்டு பர்னரு கீது. நாங்க மூணே பேரு. ஒண்ணு சொம்மாத்தான் கெடக்குது. அக்காவ கீழ அனுப்பு."

இரண்டு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. ஒரே அடுப்பு, இரண்டு வீட்டுச் சமையல். அவர்கள் சிலிண்டர் தீர்ந்தால் எங்கள் இணைப்பில் புக் செய்கிறோம், அது தீர்ந்தால் அவர்களுடையது. மொத்தமாகக் கேட்ட காசு இரண்டாகப் பிரிந்ததும் எங்கள் கைக்கு எட்டியது. என் கணவர் முதல் மாதம் முறைத்தார், அடுத்தவர் வீட்டில் போய் உலை வைப்பதா என்று. "அப்ப நீ வந்து ஊது" என்றாள் அக்கா. அத்தோடு முடிந்தது. சனிக்கிழமை வரிசையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். எடுத்ததோடு நிற்காமல், முத்திரையைக் காட்டி அந்த லோடுமேன்களுக்கும் சொன்னேன். சிலர் கேட்டார்கள். சிலர் "அப்ப சோத்துக்கு இன்னாக்கா பண்றது?" என்றார்கள். அவர்களுக்கெல்லாம் கீழ் வீட்டில் ஒரு பாயம்மா இல்லை. எங்கள் ரோட்டில் நாள் முழுக்க கேஸ் டேங்கர் போகிறது. அதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

ஆனால் அந்த அடுப்படியைப் பார்த்தால் கோபம் போய்விடும். தால்சாவில் கத்தரிக்காய் போடுவதா, வாழைக்காயா என்று இரண்டு பேரும் ஒரு வாரம் வாதாடுவார்கள். ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சியை அக்காதான் கிண்டுகிறாள். நோன்பு பிடிக்கிறவர் உப்பு பார்க்க முடியாதே, அதனால் அந்த வேலையும் அக்காவுக்கு. "நான் சரின்னாதான் அந்த வூட்ல நோன்பு தொறக்குறாங்க" என்று எங்களிடம் பெருமை பேசுவாள். அவளுக்கு மூச்சு முழுசாகத் திரும்பவில்லை, திரும்பாது. பம்ப் இல்லாமல் வெளியே போக முடியாது. ஆனால் இருக்கிறாள், திட்டுகிறாள், படியேறுகிறாள்.

அவள் படி நன்றாக ஏறத் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிறு காலை, மாடியில் மிச்சமிருந்த விறகைக் காலி செய்யப் போனோம். பாயம்மாவுக்குக் கூடுதலாக ஒரு கொடி கட்ட இடம் வேண்டியிருந்தது. நான் சாக்கில் அள்ளினேன், அக்கா மாடிப்படியின் மேல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விறகு இரண்டு இடத்தில் இருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பெரிய அடுக்கு. கைப்பிடிச் சுவர் ஓரத்தில், திறந்தவெளியில் ஒரு சின்னக் குவியல். நான் இரண்டையும் ஒன்றாக அள்ளப் போனேன்.

"ரெண்டயும் கலக்காத" என்றாள். "தார்ப்பாயில கீறது நல்ல கட்ட. அத்த யாருக்கனா குடுக்கலாம். செவுத்தோரம் கீறத குப்பையில போடு."

அப்போதுதான் பார்த்தேன். தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது எல்லாம் வெறும் பலகை, வெளுப்பு மரம். சுவரோரம் இருந்தது எல்லாம் முத்திரை போட்டது, பெயின்ட் அடித்தது, பசை போட்டு ஒட்டியது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது.

"ஒனக்கு எப்டிக்கா தெரியும்?"

"எரியும்போதே தெரியும்டி. சிலது பச்சையா எரியும். நாக்குல கசக்கும், கண்ணு ரெண்டும் பிச்சிகினு போவும். கொஞ்ச நாள் பாத்தேன், அந்தக் கருப்பு பொட்டு குத்துனதும் கலர் அடிச்சதும்தான் அப்டி பண்ணுது. அத்த தனியா எட்த்து வெச்சிட்டேன். நீங்கள்லாம் வேலைக்கும் ஸ்கூலுக்கும் போனப்பறம் மாடில அத்த எரிச்சிடுவேன். நல்ல கட்ட மழைக்கி. மழையில வூட்டுக்குள்ள வெச்சித்தான ஆக்கணும், புள்ளைங்க கீதுங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா. ஒரு வார்த்தை."

"சொல்லணும்னுதான் நெனப்பேன். நீ ஆபீஸ் பொடவையோட அந்தக் கட்டத் தூக்கினு மூணு மாடி ஏறி வந்து, வாசல்ல போட்டுட்டு, ரெண்டு வாரத்துக்கு கவல இல்லக்கான்னு சொல்லிகினு நிப்ப. அந்த மூஞ்சிய பாத்துட்டு இது கலீஜ்னு எப்டிடி சொல்றது?"

நான் சாக்கைப் போட்டுவிட்டு வெயிலில் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் எழுந்து வந்து, மூச்சு வாங்க, சாக்கின் வாயைத் தானே கட்டினாள். நான் அந்த வாசலில் பெருமையாக நிற்க வேண்டும் என்பதற்காக ஒருத்தி இத்தனை வருடம் அந்தப் புகையைத் தனியாக உட்கார்ந்து குடித்திருக்கிறாள், நான் சாயங்காலம் வந்து சோறு குழைந்துவிட்டது என்று அவளோடு சண்டை போட்டிருக்கிறேன்.